பதினாலாம் நம்பர் காட்டில் உட்கார்ந்த நாய்கள்

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்குங்க சார், நானும் உக்காந்துக்கறேன். பொள்ளாச்சிக்குத்தான? நானும் பொள்ளாச்சிதான். கையில என்ன, பேப்பரா? இந்தப் பேப்பர்க்காரங்கமேல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. போன மாசம் எழுதினாங்க பாருங்க, ‘மாயமான விமானத்தைத் தேடிய வெளிநாட்டு நாய்கள், தேயிலைத் தோட்டத்தில் பரபரப்பு’ன்னு. படிச்சீங்களா? அதுல ரெண்டு நாய் பேரும் போட்டிருந்தான். என் பேரப் போடல. ‘உள்ளூர்வாசி ஒருவர்’னு போட்டிருந்தான். அந்த உள்ளூர்வாசி ஒருவர் நான்தான். ஆசீர்வாதம். பச்சைப்பாறை எஸ்டேட்ல முப்பத்தி நாலு வருஷம் சூப்பர்வைசர்.

சூப்பர்வைசர்னா லேசுன்னு நெனச்சிராதீங்க. எண்பது பொம்பளைங்க கொழுந்து பறிக்கிற காட்டுல நான் மேட்டுல வந்து நின்னேன்னா பேச்சுச் சத்தம் அடங்கும். ஆம்பளைங்க பீடிய மறைப்பாங்க. ரிட்டயர் ஆன மறுநாள் அதே ரோட்டுல நடந்து போறேன் சார், ஒருத்தன் பீடிய மறைக்கல. ஒருத்தன் எங்கிட்டயே தீப்பெட்டி கேட்டான்.

அப்பதான் இந்த ப்ளேன் விஷயத்தைக் கையில எடுத்தேன்.

ப்ளேன் பொய்யில்ல. அது நெசம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தி நாலு, ஆடி மாசம், சண்டை நடந்த காலம். கொச்சியிலேர்ந்து கோயம்புத்தூருக்குச் சரக்கு ஏத்திக்கிட்டு ஒரு சின்ன ப்ளேன் கெளம்புச்சு. பைலட்டு ஒருத்தர், ஒயர்லெஸ்காரர் ஒருத்தர், ரெண்டே பேரு. ரெண்டு பேரும் வெள்ளைக்காரங்க. மழை. மேகம். நம்ம மலைக்கு மேல வந்த வரைக்கும் தகவல் இருக்கு. அதுக்கப்புறம் கெடையாது. விழுந்ததா, எங்க விழுந்தது, ஒரு ஆணி கூடக் கெடைக்கல. அந்தக் காலத்துலயே பட்டாளத்தை விட்டுத் தேடியிருக்காங்க. மூணு வாரம்.

எங்கப்பா பார்த்தாரு சார். கண்ணால. தீப்பிடிச்சுக்கிட்டே எங்க வீட்டுக்குப் பின்னால இருக்கிற பாறைமேட்டுக்கு அந்தாண்ட விழுந்துச்சாம். நீங்க கணக்குப் பார்ப்பீங்கன்னு நானே சொல்லிடறேன், எங்கப்பா பாளையங்கோட்டையிலேர்ந்து எஸ்டேட்டுக்கு வந்தது ஐம்பத்தி ஒண்ணுல. அதனால என்ன? பார்த்தவங்ககிட்ட கேட்டவரு. கண்ணால பார்த்த மாதிரி சொல்லுவாரு.

அந்தப் பாறைமேட்டுல நான் ஒரு போர்டு வச்சேன். ‘ப்ளேன் பாயின்ட்’. பக்கத்துல என் வீட்டையே ரெண்டு ரூம் கூடப் போட்டு, டூரிஸ்ட்டுங்க தங்கற மாதிரி செஞ்சேன். முன் ரூம்ல ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ள ஒரு அலுமினியத் தகடு. வளைஞ்சு, நெளிஞ்சு, ஒரு ஓரம் கருகி. ஓடைக்குள்ள நானே எடுத்தது. ப்ளேனோட இறக்கைத் துண்டு. கோயம்புத்தூர், ஈரோடு, பெங்களூர் எங்கேர்ந்தெல்லாம் சனம் வரும். ‘ப்ளேன் அய்யா’ன்னு கூப்பிடுவாங்க. கம்ப்யூட்டர்ல போட்டோ போடுவாங்க. அதுல ஒரு போட்டோதான் சீமை வரைக்கும் போயிருக்கு.

டோரத்தின்னு ஒரு அம்மா. அறுபத்தஞ்சு வயசிருக்கும், மெலிஞ்ச உருவம், காதுல மெஷின். அந்த பைலட்டு அவங்களுக்குப் பெரியப்பா முறை. தன் அப்பா சாகிற வரைக்கும் அண்ணனுக்கு ஒரு குழிகூட இல்லையேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். அந்தம்மா என் போர்டைப் பார்த்துட்டு லெட்டர் போட்டாங்க. நான் வாங்கன்னு எழுதினேன். இடம் எனக்குத் தெரியும், கைகாட்டறேன்னு எழுதினேன். அதுல என்ன தப்பு?

வந்தாங்க சார். கூட ஹெலன்னு ஒருத்தி, அவ புருஷன், ஆளுக்கொரு நாய். பேச்சை மாத்திச் சொல்றதுக்குக் கோயம்புத்தூர்லேர்ந்து கௌசல்யான்னு ஒரு காலேஜ் டீச்சரம்மா. போலீஸ் நாய் மாதிரி பெருசா வரும்னு நான் எதிர்பார்த்தேன். சாதாரண நாய் சார். ஜூனோன்னு ஒரு கறுப்பு, பிப்புன்னு ஒரு செவலை. அந்த செவலைக்கு ஒரு காது தொங்கும். எங்க தொழிலாளிங்க குடியிருக்கிற லைன் வீட்டுப் பக்கம் திரியிற நாய்க்கும் அதுக்கும் ஒரு வித்தியாசம் சொல்லச் சொன்னா நான் திணறுவேன்.

ஆனா அதுங்க செய்யிற வேலை அப்படி. செத்த மனுஷன் மண்ணுல கெடந்தா, எண்பது வருஷம், நூறு வருஷம் ஆனாலும் வாசம் பிடிக்குமாம். ஆடு மாடு எலும்பு, பன்னி எலும்பு எதுக்கும் மசியாது. மனுஷன்னா மட்டும் அப்படியே உக்காந்துரும். குரைக்காது, தோண்டாது. உக்காரும். உடனே ஹெலன் பாக்கெட்லேர்ந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்துப் போடுவா. அந்தப் பந்துக்காகத்தான் இந்தப் பாடு. அந்த எடத்துல ஒரு சின்ன ஆரஞ்சுக் கொடி. அப்புறம் புருஷன்காரன் வேற திசையிலேர்ந்து அடுத்த நாயைக் கூட்டிட்டு வருவான். முதல் நாய் எங்க உக்காந்துச்சுன்னு அவனுக்குத் தெரியக்கூடாது. கொடியைக்கூட எடுத்துருவாங்க. ரெண்டு நாயும் ஒரே எடத்துல உக்காந்தாத்தான் கணக்கு. நான் எஸ்டேட்டுல மஸ்டர், அதான் ஆள் கணக்கு, எடுக்கும்போதுகூட இவ்வளவு சந்தேகப்பட்டதில்ல.

முதல் நாள் காலையில ப்ளேன் பாயின்ட். ராத்திரி மழை பேஞ்ச ஈர மண்ணு, அதுதான் வாசத்துக்கு நல்லதாம். ஹெலன் ஒரு மெல்லிசான கம்பியால அங்கங்க குத்தி ஓட்டை போட்டா, வாசம் மேல வரட்டும்னு. ஜூனோ பாறையைச் சுத்தி வந்துச்சு. மோந்துச்சு. மோந்துச்சு. உக்காரவே இல்ல. பிப்பு வந்துச்சு, நேரா என் போர்டுக்குப் போச்சு. நான் கைதட்டத் தயாரா நிக்கிறேன். காலைத் தூக்கிப் போர்டுமேல அடிச்சிட்டுப் போயிருச்சு.

ரெண்டாம் நாளும் அதேதான். அட்டை வேற. நாய் காலு விரலுக்கு நடுவுல எல்லாம் அட்டை. அந்தக் கௌசல்யா டீச்சரம்மா உப்பை வச்சுக்கிட்டு அழாத கொறை. சாயங்காலம் டோரத்தியம்மா கண்ணாடிப் பெட்டியத் தொறக்கச் சொல்லி அந்தத் தகட்டைக் கையில வாங்கினாங்க. ரெண்டு கையாலயும் வாங்கினாங்க சார், கோயில்ல விபூதி வாங்கற மாதிரி. திருப்பிப் பார்த்தாங்க. உள்பக்கம் ஏதோ எழுத்து அச்சடிச்சிருந்துச்சு. கௌசல்யா விளக்கு வெளிச்சத்துல படிச்சுப் பார்த்துட்டு, “இது தேயிலை காய வைக்கிற மெஷினோட மூடிங்க”ன்னுச்சு.

நான் உடனே சொன்னேன், “சரக்கு ப்ளேன்தான? மெஷின் மூடிய ஏத்திக்கிட்டு வந்திருக்கக் கூடாதா?”

கௌசல்யா அதை மாத்திச் சொல்லல. அதுதான் எனக்குக் கோவம். சொல்றதைச் சொல்றதுக்குத்தான அவங்களைக் கூட்டிட்டு வந்தது?

மூணாம் நாள்தான் எல்லாம் ஆச்சு. காலையில வேற ஒரு ஓடைக்குக் கூட்டிட்டுப் போனேன், அங்கயும் ஒண்ணுமில்ல. திரும்பி வர்ற வழியில பதினாலாம் நம்பர் காடு. காடுன்னா நாங்க தேயிலைக் காட்டைச் சொல்றது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். சரிவான காடு, கீழ ஓடை. ஜூனோ கயிறு இல்லாம சும்மாதான் வந்துக்கிட்டிருந்துச்சு. திடீர்னு செடிக்குள்ள பூந்து, பத்தடி போயி, உக்காந்துருச்சு.

ஹெலன் கூப்பிட்டா. வரல. அவளையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கு. பந்தைப் போட்டா. பந்தை வாங்கிக்கிட்டு நாலடி தள்ளிப் போயி மறுபடி உக்காந்துச்சு. அங்கேர்ந்து நாலடி. மறுபடி. பந்து போட்டுப் போட்டு ஹெலனுக்குக் கை அசந்து போச்சு. அப்புறம் புருஷன்காரன் கீழ ஓடைப் பக்கத்துலேர்ந்து பிப்பைக் கூட்டிட்டு வந்தான். அதே எடம். ஒண்ணுகூடத் தப்பல.

எனக்குச் சந்தோஷம் தாங்கல சார். ‘பார்த்தீங்களா, பார்த்தீங்களா’ன்னு குதிக்கிறேன். டோரத்தியம்மா அங்கயே மண்ணுல உக்காந்துட்டாங்க. கொடி மூணு ஆச்சு. அஞ்சு ஆச்சு. பதினொண்ணு ஆச்சு. சாயங்காலம் வேலைய நிறுத்தினாங்க, மறுநாள் காலையில மறுபடி தொடங்கினாங்க. மத்தியானம் எண்ணிப் பார்த்தா நாப்பத்தி மூணு கொடி.

ப்ளேன்ல ரெண்டு பேரு.

நான் விளக்கம் சொன்னேன். மேலயே வெடிச்சிருக்கும், செதறியிருக்கும்னு சொன்னேன். ஹெலன் தலைய ஆட்டினா. கொடியைக் காட்டினா. அப்பதான் நானும் பார்த்தேன், செதறினது மாதிரி இல்ல. வரிசையா இருந்துச்சு. ஏழு வரிசை.

கௌசல்யா கேட்டாங்க, “இங்க முன்னாடி சுடுகாடு, இடுகாடு ஏதாவது இருந்துச்சாங்க?”

“இல்லவே இல்ல”ன்னேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாடத்தி வரணுமா? மாடத்தின்னா எங்க எஸ்டேட்டுல கொழுந்து பறிச்சு ரிட்டயர் ஆனவ. எழுபது கிட்ட இருக்கும். தலையில வெறகுக் கட்டு. ரெண்டு நாளா நாயை வேடிக்கை பார்த்துக்கிட்டு மேட்டுலயே நின்னிருக்கா, நான் கவனிக்கல. வெறகை எறக்கி வச்சிட்டு வந்தா.

“ஏன் இல்ல?”ன்னா. “நீரு கல்லப் புடுங்குன எடம்லா இது?”

வெளிநாட்டுக்காரங்க முன்னாடி சார்! நான் முறைச்சேன். முப்பத்தி நாலு வருஷம் அந்த முறைப்புக்கு அடங்கினவ. அன்னைக்கு அடங்கல. கௌசல்யா பக்கம் திரும்பி, அவ பாட்டுக்குச் சொல்றா. ப்ளேன் காணாமப் போன அதே வருஷம் எஸ்டேட்டுல விஷக் காய்ச்சல். தெனம் ஒண்ணு ரெண்டு சாவு விழுந்திருக்கு. கீழ எறக்க வழியில்ல, மழை. இந்தச் சரிவுலயே பொதைச்சு, ஆளுக்கொரு கல்லு நட்டாங்களாம். அவ அம்மா இசக்கியம்மாவுக்கு அப்ப பன்னெண்டு வயசு. அண்ணனும் தங்கச்சியும் ஒரே வாரத்துல போயிட்டாங்க. “எங்க மாமனும் சித்தியும் இங்கனதான் கெடக்காவ”ன்னு கையை நீட்டினா. அவ நீட்டின எடத்துல ரெண்டு கொடி இருந்துச்சு.

நான் என்ன செஞ்சேன்னு நீங்க கேட்கணும் சார். ஒரு பக்கத்தை மட்டும் கேட்கக்கூடாது. எண்பத்தேழுல புது மேனேஜர் வந்தாரு. பதினாலாம் நம்பர்ல நடுவுல ஒரு துண்டு தரிசாக் கெடக்கே, கல்லை எடுத்துட்டுக் கன்னு வைன்னாரு. மேனேஜர் சொன்னா நான் மாட்டேன்னு சொல்லவா? ரெண்டே நாள்ல முடிச்சேன். பத்து நாள் வேலைன்னு எல்லாரும் சொன்னாங்க, ரெண்டே நாள். கல்லெல்லாம் கீழ்ரோட்டுப் பாலத்துக்கு அஸ்திவாரமாப் போச்சு. ஒண்ணுகூட வீண் போகல. அந்த வருஷம் நல்ல சூப்பர்வைசர்னு எனக்குச் சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க, இன்னும் ஓடுது. அந்த இசக்கியம்மா டிராக்டர் முன்னாடி வந்து படுத்துக்கிட்டா. கத்தல, கூப்பாடு போடல, சும்மா படுத்துக்கிட்டா. நான் அடிக்கல சார், தொடக்கூட இல்ல. ரெண்டு ஆளை விட்டுத் தூக்கி ஓரமா வச்சேன். மறுநாள் மேல் டிவிஷனுக்கு மாத்திவிட்டேன், தெனம் ஆறு மைல் நடை. அது தண்டனை இல்ல. கண்ணுல பட்டா மனசு கஷ்டப்படுமேன்னுதான்.

போலீஸ்காரர் ஒருத்தர் வந்தாரு. எண்பது வருஷத்துப் பழசுன்னு தெரிஞ்சதும் டீ குடிச்சிட்டுப் போயிட்டாரு.

அப்புறம் மாடத்தி எங்கிட்ட வந்து, “பெரிய கல்லு எது, சின்னக் கல்லு எதுன்னாவது ஞாபகம் இருக்கா?”ன்னு கேட்டா. இருக்காதா? எனக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி. வேலையில நான் கெட்டிக்காரன். ஒவ்வொரு கொடியா நடந்து காட்டினேன். இது பெருசு, இது பெருசு, இதுல சிலுவை கீறியிருந்துச்சு, இதுல ஒரு சூலம். சின்னக் கல்லு மொத்தம் பதினொண்ணு, எல்லாம் கீழ் வரிசை. சின்னக் கல்லுன்னா சின்னப் புள்ளைங்க. அதுக்கு டிராக்டர்கூட வேண்டியிருக்கல, கக்கத்துல ஒண்ணு கக்கத்துல ஒண்ணுன்னு நானே தூக்கிட்டேன். இதை நான் சொல்லச் சொல்ல கௌசல்யா ஒண்ணொண்ணா இங்கிலீஷ்ல மாத்திச் சொன்னாங்க. கக்கத்துல தூக்கினதை மட்டும் மாத்திச் சொல்லல. அந்தம்மா வேலையில அப்படித்தான் அரைகுறை.

எனக்கு வருத்தம் என்னன்னா, வந்த வேலைய எல்லாரும் மறந்துட்டாங்க. நான் ஹெலன்கிட்ட கேட்டேன், இதுல ரெண்டு பேரு மட்டும் வெள்ளைக்காரங்களான்னு நாயை விட்டுப் பிரிச்சுப் பார்க்க முடியாதான்னு. அவ என்னை ஒரு மாதிரி பார்த்தா. நாய்க்கு அது தெரியாதாம். மனுஷன்னு மட்டுந்தான் தெரியுமாம். அவ்வளவு தூரம் ப்ளேன்ல கூட்டிட்டு வந்து, அவ்வளவு பந்தைப் போட்டு, கடைசியில வெள்ளைக்காரன் எலும்பு எது, தோட்டக்காட்டு ஆளு எலும்பு எதுன்னு தெரியாத நாயி. அதுக்கு எங்க லைன் வீட்டு நாயே போதுமே?

மிச்சம் ரெண்டு நாளும் தேடல் இல்ல. டோரத்தியம்மாவும் மாடத்தியும் பதினாலாம் நம்பர்ல போயி உக்காந்துக்குவாங்க. இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவங்களுக்குத் தமிழ் தெரியாது. மாடத்தி பேரு சொல்லுவா. அவ அம்மா சொல்லிக் குடுத்த பேருங்க. பத்தொம்பது பேரு. ஆடி மாசம் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் காட்டோரமா நின்னு அந்தப் பேருங்களைச் சொல்லிட்டுப் போறது அவங்க வழக்கமாம். மத்தவங்க பேரு யாருக்கும் தெரியாது. கௌசல்யா எழுதிக்கிட்டாங்க. சொடலி. வேலு. சவேரியார் அடிமை. முத்தம்மாளோட கைப்புள்ள, பேரு வைக்கல. இப்படி.

கடைசி நாளு டோரத்தியம்மா கௌசல்யாவை வச்சு மாடத்திகிட்ட ஒண்ணு கேட்டாங்க. எங்க பெரியப்பா எங்க கெடக்கறாருன்னு இனி தெரியப்போறதில்ல. இங்க ஒரு கல்லு வச்சா அதுல அவர் பேரும் அவர் கூட்டாளி பேரும் போட்டுக்கலாமா, உங்களுக்கு ஆட்சேபணையான்னு.

மாடத்தி காட்டை ஒரு பார்வை பார்த்தா. “ரெண்டு பேருதான? எடம் கெடக்கு”ன்னா. அப்புறம், “எங்க மாமனத் தேடி ஒருத்தரும் நாயக் கூட்டிட்டு வரல. ஒங்க பெரியப்பா புண்ணியத்துல அவரும் கெடைச்சாரு. போடுங்க”ன்னா.

அந்தம்மா அழுதாங்க. மாடத்தி அழல. முந்தானையிலேர்ந்து வெத்திலைய எடுத்து அவங்க கையில வச்சா. அவங்க அதை என்ன செய்யறதுன்னு தெரியாம கடைசி வரைக்கும் கையிலயே வச்சுக்கிட்டிருந்தாங்க.

அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. பேப்பர்ல வந்துட்டதால மேனேஜரால மறுக்க முடியல, ஒரு கல்லு வச்சுக்கங்கன்னுட்டாரு. பழைய கல்லைப் பாலத்துலேர்ந்து எடுக்க முடியாது, பாலம் போயிரும். புதுக்கல்லு. என்ன எழுதறதுன்னு லைன் வீட்டு முன்னாடி கூட்டம். பொம்பளைங்கதான் ஜாஸ்தி, எல்லாம் எங்கிட்ட வேலை பார்த்தவங்க. நான் போனேன். கூப்பிடல, ஆனாலும் போனேன். பேரெல்லாம் எழுதி முடிச்சதும், அடியில சின்னதா ஒரு வரி, ‘கண்டுபிடித்தவர் ஆசீர்வாதம்’னு போடுங்கன்னு சொன்னேன்.

“கண்டுபிடிச்சது நாய்லா?”ன்னா ஒருத்தி.

“அந்த நாயை வரவச்சது யாரு? நான் அந்த போர்டு வைக்கலேன்னா யாரு வந்திருப்பா?”ன்னேன். பதில் இருக்கா சார் இதுக்கு? நீங்களே சொல்லுங்க.

மாடத்தி வெத்திலையத் துப்பிட்டு வந்து, “சூப்ரவைசரய்யா சொல்லுதது நெசந்தான். அவுக பேரும் கல்லுல இருக்கணும்”ன்னா. “ஆனா கண்டுபிடித்தவர்னு வேண்டாம். ‘கல் எடுத்தவர்’னு போடுங்க.”

பொம்பளைங்க எல்லாம் ஒரே சிரிப்பு. எதுக்குச் சிரிச்சாங்கன்னு எனக்கு அப்பப் புரியல. வீட்டுக்குப் போயி யோசிச்சேன். கோயில் கட்டினவங்களை என்ன சொல்றோம்? கோயில் எடுத்தவர்னு சொல்றோம். ராஜாக்களைத்தான் அப்படிச் சொல்வாங்க. அந்த மாதிரி, கல் எடுத்தவர். படிக்காதவ வாயிலேர்ந்து வர்ற வார்த்தையா சார் அது? எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அவ அம்மா விஷயத்தையெல்லாம் மனசுல வச்சுக்கல பாருங்க. சந்தோஷத்துலதான் சிரிச்சிருக்காங்க.

அதான், கல்லுல எழுத்து வெட்டற ஆளு பொள்ளாச்சியில இருக்கான், நானே போறேன்னு பேரெல்லாம் எழுதின தாளை வாங்கிக்கிட்டேன். இதோ பாருங்க. பத்தொம்பது பேரு, அப்புறம் ‘பெயர் அறியாதோர் இருபத்து நால்வர்’, அப்புறம் அந்த ரெண்டு பேரு, கடைசியில நான். தமிழ் உங்களுக்கு நல்லா வரும்னு தெரியுது, ஒரு தடவை பிழை பார்த்துக் குடுங்க. கல் எடுத்தவர்னு பிரிச்சுப் போடறதா, கல்லெடுத்தவர்னு சேர்த்துப் போடறதா?

எழுத்து அளவா? நான் சின்னதாவே போதும்னுதான் சார் சொன்னேன். அவதான் கேட்கல. “அந்த வரியத்தான் பெருசாப் போடணும், ரோட்டுல போறவன் நின்னு வாசிக்கணும்”னு மாடத்தியே சொல்லிட்டா.